வளைவு பீமில் அதிர்வு: ஆட்டம் ஓரிடம், வேர் வேறிடம்

மொட்டைமாடியில் ஏசி அவுட்டோர் யூனிட்டைத் தாங்கும் வளைவு பீம், அம்பத்தூர் ஷெட்டின் வில் ராஃப்டர் (கூரையைத் தாங்கும் வளைந்த பீம்), கடை முகப்பின் அரைவட்ட பால்கனி, சுழல் படிக்கட்டின் பக்கத் தூலம் என எதில் அதிர்வுப் புகார் வந்தாலும் சென்னையில் முதலில் நடப்பது ஒன்றுதான். பாரிமுனைக்கு ஆள் அனுப்பி ரப்பர் ஷீட் வாங்கி வந்து மோட்டார் காலடியில் திணிப்பார்கள். சில சமயம் அடங்கும். பல சமயம் ஆட்டம் இன்னொரு மூலையில் போய் முளைக்கும். நேர் பீமுக்கான வைத்தியத்தை வளைவு பீமுக்குச் செய்தால் அப்படித்தான் ஆகும்.

நேர் பீமை மேலும் கீழுமாக ஆட்டினால் அது மேலும் கீழுமாகத்தான் ஆடும். நீளவாக்கில் தட்டினால் அந்தத் தட்டு நீளவாக்கிலேயே ஓடும். முறுக்கினால் முறுக்காகவே போகும். மூன்றும் தனித்தனித் தண்டவாளங்கள். பீமை வளைத்துவிட்டால் தண்டவாளங்கள் ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். வில் போல நிற்கும் வளைவில் வளைதலும் நீட்சியும் கலக்கும். பால்கனி போலப் படுத்த வளைவில் வளைதலும் முறுக்கும் கலக்கும். செங்குத்தாகக் கொடுத்த ஆட்டம் வேறு முனையில் முறுக்காகவோ நீளவாக்குத் தள்ளலாகவோ வெளியே வரும். ஆகவே எந்த அறிகுறியானாலும் மூன்று திசையிலும் அளக்காமல் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டாம்.

கை வைப்பதற்கு முன் அளவெடுப்பது

ஆகென் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இலவசமாகத் தரும் ‘பைஃபாக்ஸ்’ செயலியில் முடுக்க நிறமாலைப் பகுதி (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஆட்டம் என்று காட்டுவது) இருக்கிறது. போன் வினாடிக்கு எத்தனை முறை அளக்கிறதோ, அதில் பாதி அதிர்வெண் வரைதான் நம்பலாம். 200 முறை அளக்கும் போனில் 100 ஹெர்ட்ஸுக்கு மேல் காட்டுவதைப் பொருட்படுத்தாதீர்கள். அதற்கு மேல் வேண்டுமானால் ரிச்சி தெருவில் கிடைக்கும் ஏடிஎக்ஸ்எல் 345 சென்சார் போர்டு போதும். வினாடிக்கு 3,200 முறை வரை அளக்கும். மெல்லிய அதிர்வை மட்டும் அதன் சொந்த இரைச்சல் விழுங்கிவிடும்.

போனை இரட்டைப் பக்க டேப்பால் அழுத்தி ஒட்டுங்கள். சும்மா வைத்தால் போன் தானே துள்ளும். வளைவில் இன்னொரு பொறி உண்டு: பீமின் மேல் சில மீட்டர் நகர்ந்தாலே ஆரத் திசையும் (வளைவின் மையம் நோக்கியது) தொடுகோட்டுத் திசையும் (பீமின் ஓட்டத்தோடு போவது) திரும்பிவிடும். போனைத் தரைக்கு நேராகப் பிடித்து எல்லா இடத்திலும் அளந்தால் இரண்டும் கலந்த எண்தான் கிடைக்கும். ஒவ்வொரு இடத்திலும் போனின் நீளவாட்டம் பீமின் ஓட்டத்தோடு ஒத்திருக்கட்டும். முறுக்கைப் பிடிக்க, மேல் ஃபிளாஞ்சின் (ஐ வடிவ பீமின் மேல் தகடு) இடது ஓரத்திலும் வலது ஓரத்திலும் செங்குத்து அளவை எடுங்கள். இரண்டும் எதிரெதிராக ஏறி இறங்கினால் அது முறுக்கு. ஒரே போனை வைத்து இதைப் பார்க்க முடியாது. இரண்டு சென்சாரை ஒரே மைக்ரோகன்ட்ரோலர் போர்டில் இணைத்து ஒரே நேரத்தில் பதிய வேண்டும்.

முதலில் இயந்திரத்தை நிறுத்தி, மரச் சுத்தியலால் பீமை ஒரு தட்டு தட்டி 20 வினாடி பதியுங்கள். அதில் எழும் முகடுகள் பீமின் இயல்பு அதிர்வெண்கள். பிறகு இயந்திரத்தை ஓட்டிப் பதியுங்கள். நான்கு துருவ மோட்டார் நிமிடத்துக்குச் சுமார் 1,440 சுற்றில் 24 ஹெர்ட்ஸ், இரண்டு துருவ மோட்டார் 48, ஆறு துருவ மோட்டார் 16. 1,500 சுற்று ஜென்செட் 25 ஹெர்ட்ஸ். அது நான்கு சிலிண்டர் நான்கு ஸ்ட்ரோக் என்றால் எரிப்பு அதிர்வெண் 50, ஆறு சிலிண்டர் என்றால் 75. டிரான்ஸ்ஃபார்மர் முனகல் 100. இரண்டு பட்டியலிலும் ஏதாவது ஓரெண் பக்கத்தில் பக்கத்தில் விழுந்தால் அது ஒத்ததிர்வு: இயந்திரத்தின் துடிப்பு பீமின் இயல்போடு ஒத்துப்போய் ஆட்டம் பெருகுகிறது. பாதிக் கேள்விக்கு அங்கேயே விடை கிடைத்துவிடும்.

“மோட்டார் பக்கம் அமைதி, மறு முனையில் லைட்டு ஆடுது”

வில் ராஃப்டரில் அடிக்கடி வரும் புகார் இது. இரண்டு முனையும் பின் (முனையைச் சுழலவிடும் ஊசி மூட்டு) போட்ட, ஓரளவு உயரமான வில்லின் முதல் இயல்பு ஆட்டம் பலரும் நினைப்பது போல உச்சி மேலும் கீழும் போவதாக இருக்காது. இடப்பாதி ஏறும்போது வலப்பாதி இறங்கும். உச்சி செங்குத்தாக அசையவே அசையாது. பக்கவாட்டில் மட்டும் நகரும். உச்சியில் போனை வைத்து, செங்குத்து எண்ணை மட்டும் பார்த்து ‘ஒன்றுமில்லை’ என்று ஏணியைவிட்டு இறங்கிவிடுவது இதனால்தான்.

12 மீட்டர் வில் என்றால் மூன்று இடத்தில் அளங்கள்: இரண்டு கால்பகுதிப் புள்ளிகள், உச்சி. கால்பகுதியில் ஆரத் திசை, உச்சியில் பக்கவாட்டு. இந்த இரண்டும் பெரிதாகவும் உச்சியின் செங்குத்து சிறிதாகவும் இருந்தால் அந்த முதல் ஆட்டம்தான் தூண்டப்படுகிறது.

‘உச்சியில் கணு (அசையாத புள்ளி) இருக்கிறதே, ஃபேனை அங்கேயே தொங்கவிட்டால் என்ன?’ என்று தோன்றும். செங்குத்து விசைக்கு அது சரி. ஆனால் சுழலும் இயந்திரத்தின் சமனின்மை செங்குத்தாகவும் கிடையாகவும் சம அளவில் தள்ளும். அந்தக் கிடை விசை உச்சியின் பக்கவாட்டு நகர்வைப் பிடித்து முழு வில்லையும் ஆட்டும். சுழல் அச்சை ராஃப்டரின் ஓட்டத்தோடு இணையாகத் திருப்பி வைத்தால், கிடை விசை வில்லின் தளத்துக்குக் குறுக்கே போய்விடும். அந்தத் திசையைப் பர்லினும் (ராஃப்டர்களை இணைக்கும் குறுக்குத் துண்டு) பிரேசிங்கும் (மூலைவிட்டக் கம்பி) தாங்கும். செலவே இல்லாத மாற்றம் இது. இதைச் செய்துவிட்டு அளந்த பிறகு மற்றதை யோசியுங்கள்.

அதற்கும் முன்னால் இயந்திரத்தையே பாருங்கள். 15 கிலோவாட் வரையான மோட்டாருக்கு, பேரிங் உறையில் 1.8 மி.மீ/வினாடிக்கு மேல் அதிர்வு வேகம் இருந்தால் நெடுநாள் ஓட்டத்துக்கு ஏற்றதில்லை, 4.5க்கு மேல் என்றால் பழுதுக்கே வழி என்பது பழைய ஐஎஸ்ஓ 10816 தரநிலையின் கணக்கு (2016இல் அதன் இடத்தில் ஐஎஸ்ஓ 20816 வந்தது). இறக்கையில் ஒட்டிய தூசியைச் சுரண்டிச் சமன்படுத்துவது, பீமுக்குச் செய்யும் எந்த வேலையையும்விட மலிவு.

“ஸ்பிரிங் போட்டாச்சு, ரப்பர் போட்டாச்சு, குறையலை”

இதில் மூன்று காரணம் உண்டு. மூன்றையும் அடுத்தடுத்துப் பார்த்துவிட வேண்டும்.

முதலாவது, குறுக்குவழி. இயந்திரம் ஸ்பிரிங்கில் நிற்கும். அதன் குழாயும் கேபிள் காண்டூயிட்டும் நேராக பீமில் கிளாம்ப் போட்டு இறுக்கப்பட்டிருக்கும். அதிர்வுக்கு அந்தக் கிளாம்ப் ஒன்று போதும். ஒரு ஹாக்ஸா பிளேடை எடுத்து ஸ்பிரிங் மவுண்டின் மேல் உறைக்கும் கீழ் உறைக்கும் நடுவே சுற்றிலும் ஓட்டிப் பாருங்கள். பல இடங்களில் கொத்தனார் சிந்திய சிமென்ட் கட்டி சுருளுக்குள் கல்லாக உட்கார்ந்திருக்கும். ஷிப்பிங் போல்ட் கழற்றாமல் விட்டதும் உண்டு. பிளேடு எங்கே முட்டுகிறதோ அங்கே ஸ்பிரிங் வேலை செய்யவில்லை.

இரண்டாவது, கணக்கு. மவுண்டின் இயல்பு அதிர்வெண், 15.8ஐ, இயந்திர எடையில் மவுண்ட் அமுங்கும் மி.மீ.யின் வர்க்கமூலத்தால் வகுத்தால் வருவது. 5 மி.மீ அமுங்கினால் 7 ஹெர்ட்ஸ். 24 ஹெர்ட்ஸ் மோட்டாருக்கு இது நல்ல மவுண்ட், பத்தில் ஒரு பங்குதான் கடக்கும். அதே மோட்டாரை விஎஃப்டி (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) இரவில் 600 சுற்றுக்கு இறக்கினால் 10 ஹெர்ட்ஸ். மவுண்டின் அதிர்வெண்ணைப் போல 1.4 மடங்கு, அந்த இடத்தில் எதுவும் குறையாது. இன்னும் கீழே இறக்கினால் மவுண்டே பெருக்கித் தரும். பகலில் அமைதி, இரவில் மாடி வீட்டுக்காரர் புகார் என்றால் விஎஃப்டி பதிவைத் திறந்து அந்த வேகத்தைத் தடைப் பட்டியலில் போடுங்கள்.

மூன்றாவதுதான் பெரும்பாலும் தப்பிப்போவது. மவுண்ட் வேலை செய்ய, அதன் கீழே உள்ள பீம் மவுண்டைவிட மிகவும் விறைப்பாக இருக்க வேண்டும். 6 மீட்டர் நேரான ஐஎஸ்எம்பி 200 பீமின் (200 மி.மீ உயர ஐ வடிவ எஃகு பீம்) நடுவில் 300 கிலோ வைத்தால் பீமே சுமார் 3 மி.மீ தொய்யும். அதன்மேல் 1 மி.மீ அமுங்கும் ரப்பர் பேடைப் போட்டு என்ன பயன்? மெத்தையின் மேல் தலையணை வைத்த கதை. படுத்த வளைவானால் முறுக்கும் சேர்ந்து தொய்வு இன்னும் கூடும். டயல் கேஜை பீமின் அடியில் வைத்து, இயந்திரத்தை ஏற்றும்போது எத்தனை இறங்குகிறது என்று பாருங்கள். அதைப்போல எட்டுப் பத்து மடங்கு அமுங்கும் மவுண்ட் வேண்டும். 3 மி.மீ பீமுக்கு 25 மி.மீ ஸ்பிரிங் என்பது இப்படி வரும் எண்.

“மேலும் கீழும் ஆட வேண்டியது, பக்கவாட்டில் சாயுது”

அரைவட்ட பால்கனி, வளைவு நடைபாலம், சுழல் படி. இவற்றில் பாரம் பீமின் இரு தாங்கிகளையும் இணைக்கும் நேர்கோட்டுக்கு வெளியே தொங்குகிறது. எந்தச் செங்குத்து ஆட்டமும் முறுக்காக மாறியே தீரும். கைப்பிடிக் கம்பி வெளியே சாய்ந்து உள்ளே வருவது போலத் தெரிந்தால், ஃபிளாஞ்சின் இரு ஓரத்திலும் அளந்து உறுதி செய்யுங்கள்.

முதல் சந்தேகம் தாங்கியின் மேல் இருக்கட்டும். நேர் பீமுக்குச் சுவரில் சும்மா உட்கார்ந்தாலே போதும். வளைவு பீமின் முனை முறுக்கையும் பிடிக்க வேண்டும். வெப் பகுதியில் (பீமின் செங்குத்து நடுத் தகடு) மட்டும் இரண்டு போல்ட் போட்ட கிளீட் ஆங்கிள் (எல் வடிவ இணைப்புத் துண்டு) முறுக்கைப் பிடிக்காது. அந்தக் கிளீட்டை டார்ச் அடித்துப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். வாஷரைச் சுற்றிப் பெயின்ட் மயிரிழையாக வெடித்து, அதிலிருந்து காவிப் பொடி கோடாக இறங்கியிருந்தால் அங்கே இரும்பு இரும்பின்மேல் உரசுகிறது. விரலால் தொட்டால் மாவு போல ஒட்டும். சாதாரணத் துரு இப்படி நைசாக இருக்காது. அங்கே மேல் ஃபிளாஞ்சையும் கீழ் ஃபிளாஞ்சையும் சேர்த்துப் பிடிக்கும் எண்ட் பிளேட் வேண்டும்.

இரண்டாவது, பீமின் வெட்டுமுகம். ஐ வடிவம் முறுக்குக்கு மிகவும் பலவீனமானது. ஐஎஸ்எம்பி 200இன் முறுக்கு மாறிலி சுமார் 10 செ.மீ⁴ மட்டுமே. இரு பக்கமும் ஃபிளாஞ்ச் ஓரத்தில் 6 மி.மீ தகட்டை நிறுத்தி மூடிப் பெட்டியாக்கினால் அது 1,500ஐத் தாண்டும், நூறு மடங்குக்கு மேல். கூடும் எடை மீட்டருக்கு 17 கிலோ. ஸ்டிஃப்னர் தகடுகளை மட்டும் வரிசையாக வெல்டு செய்வதில் இந்தப் பலன் கிடைக்காது. பெட்டி மூடினால்தான் உண்டு. வெல்டு செய்யும்போது இடம் மாற்றி மாற்றி 50 மி.மீ துண்டுகளாகப் போட்டு, ஆறவிட்டு, பிறகு இடைவெளியை நிரப்புங்கள்; ஒரே மூச்சில் இழுத்தால் பீம் கோணிக்கொள்ளும். பெட்டியின் முனைகளைக் காற்றுப் புகாமல் மூடுவதும் கட்டாயம். திருவான்மியூர், எண்ணூர் பக்கத்து உப்புக் காற்று உள்ளே போனால் துரு உள்ளிருந்தே தின்னும், வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும். கூடுதல் எடையைத் தாங்கிகளும் சுவரும் ஏற்குமா என்று வடிவமைப்புப் பொறியாளரிடம் கேட்காமல் இந்த வேலையைத் தொடங்கக் கூடாது.

ஆள் நடக்கும்போது மட்டும் ஆடினால் கணக்கு எளிது. நடையில் வினாடிக்குச் சுமார் இரண்டு காலடி விழும். பீமின் முழுத் தொய்வை மி.மீ.யில் எடுத்து, 18ஐ அதன் வர்க்கமூலத்தால் வகுங்கள். தொய்வு 16 மி.மீ என்றால் 4.5 ஹெர்ட்ஸ், நடையின் இரண்டாம் மடங்கு அதற்கு வெகு அருகில். மனித உடல் செங்குத்து அதிர்வை அதிகம் உணர்வதும் 4 முதல் 8 ஹெர்ட்ஸில்தான், அதனால் சிறு ஆட்டமும் பயமுறுத்தும். நேர் தளங்களுக்கான வழிகாட்டல் ஐஎஸ் 800:2007இன் இணைப்பு சியில் இருக்கிறது. வளைவுக்கு அதை அப்படியே எடுக்காமல், முறுக்கால் வரும் தொய்வையும் சேர்த்த எண்ணைப் போடுங்கள்.

“மேலே பேட் ஒட்டியும் தூண் அடியில் முனகல் கேக்குது”

நேர்த் தூண், மேலே வளைவு ராஃப்டர். வளைவில் ஓடும் வளைதல் அலை, நேர்த் தூணைச் சந்திக்கும் இடத்தில் ஒரு பகுதியை நீளவாக்கு அலையாக மாற்றி இறக்கிவிடும். எஃகில் நீளவாக்கு அலை வினாடிக்குச் சுமார் 5,050 மீட்டர் ஓடும். ஐஎஸ்எம்பி 200இல் 24 ஹெர்ட்ஸ் வளைதல் அலையின் வேகம் 250 மீட்டர்தான். வேகமாக ஓடும் அந்த அலையில் இரும்பு அகலவாட்டில் கிட்டத்தட்ட அசைவதில்லை. தணிப்பு ஷீட் (மேலே ஒட்டும் அதிர்வு உறிஞ்சும் பேட்) அதைப் பிடிக்காது. அது பேஸ் பிளேட் வழியாகத் தரைக்கும், அங்கிருந்து கீழ்த்தள அறைக்கும் போய்ச் சேரும்.

எந்த அதிர்வெண்ணில் இது மும்முரமாகும் என்பதற்குக் கைக்கணக்கு ஒன்று உண்டு. எஃகு வளைவுக்கு 800ஐ மீட்டரில் உள்ள வளைவு ஆரத்தால் வகுங்கள். கான்கிரீட்டுக்கு ஏறக்குறைய 560. கிடைப்பது வளைய அதிர்வெண். ஆரம் 4 மீட்டர் என்றால் 200, 8 மீட்டருக்கு 100, 16 மீட்டருக்கு 50. இதற்குக் கீழே நீளவாக்கு அலை வளைவுக்குள் தாராளமாக ஓட முடியாது. வளைவு ஒரு வடிகட்டி போல நிற்கும். இதற்கு மேலே வாசல் திறந்துவிடும், அலைநீளம் குறையக் குறைய வளைவு பீம் நேர் பீமைப் போலவே நடக்கும். வளைவின் நீளம் ஆரத்தைவிடக் குறைவாக இருந்தால் அந்தத் தடை அரைகுறைதான் என்பதையும் நினைவில் வையுங்கள். 8 மீட்டர் ஆர வளைவின் பக்கத்தில் டிரான்ஸ்ஃபார்மரை உட்கார வைப்பதற்கு முன் இந்த ஒரு வகுத்தலைச் செய்தால் போதும், பின்னால் வரும் பல மாத அலைச்சல் மிச்சம்.

உறுதி செய்ய, தூணில் நீளவாக்கு அளவையும் குறுக்கு அளவையும் எடுங்கள். நீளவாக்கு பெரிதானால் பேடைத் தூண் மேல் ஒட்டுவதை விட்டுவிட்டு, பேஸ் பிளேட்டுக்கு அடியிலோ ராஃப்டர் சேரும் இணைப்பிலோ இடைவெட்டு (அதிர்வைத் துண்டிக்கும் நெகிழ்வான அடுக்கு) கொடுங்கள். அது சுமை தாங்கும் இணைப்பு, காற்றுத் தூக்கலையும் தாங்க வேண்டியது. வர்தா மாதிரிப் புயல் இன்னொன்று வராது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஆகவே பொறியாளரின் வரைபடமில்லாமல் ஒரு போல்ட்டையும் தளர்த்தக் கூடாது.

ஆற்றல் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்க இரண்டு சென்சாரை அலைநீளத்தில் பத்திலொன்று முதல் ஐந்திலொன்று தூரத்தில் வையுங்கள். இரண்டும் ஒரே கணத்தில் ஏறி இறங்கினால், அல்லது நேர் எதிராக ஆடினால், ஆற்றல் அங்கே நின்று ஆடுகிறது, ஓடவில்லை. ஆட்டம் பெரிதாக இருந்தாலும் அந்த இடம் பாதை ஆகாது. ஒன்று சற்றுப் பின்தங்கி வந்தால், பின்தங்கியதன் பக்கம் ஆற்றல் போகிறது. ஐஎஸ்எம்பி 200இல் 100 ஹெர்ட்ஸுக்கு அலைநீளம் 5 மீட்டர், சென்சார் இடைவெளி 50 செ.மீ முதல் 1 மீட்டர். 24 ஹெர்ட்ஸில் அலைநீளமே பத்தரை மீட்டர். பீம் முழுவதும் முனைகளின் பாதிப்புக்குள் இருப்பதால் இந்த முறை ஏமாற்றும். அங்கே பழைய வழியே மேல்: குழாய், டக்ட், கேபிள் ட்ரே என ஒவ்வொன்றாக விடுவித்து, ஒவ்வொரு முறையும் அளந்து பார்ப்பது.

“காலையில சரி, மத்தியானம் இரைச்சல்”

இது வெயில் வேலை. 12 மீட்டர் எஃகு 30 டிகிரி சூடேறினால் 4.3 மி.மீ நீளும். ஒரு முனையை நகரவிடும் நீள்துளை போல்ட் இருக்கும். உப்பும் பெயின்டும் சேர்ந்து அது இறுகியிருக்கும், அல்லது யாரோ நல்லெண்ணத்தில் முழு இறுக்கம் கொடுத்திருப்பார்கள். நகர வழியில்லாத வில் மேலே புடைத்து, முனையில் தள்ளி, இயல்பு அதிர்வெண்ணை மாற்றிக்கொள்ளும். காலையில் மோட்டாருக்கு எட்டாமலிருந்த முகடு மத்தியானம் 24இல் வந்து உட்காரும்.

மார்க்கரால் முனைத் தகட்டில் ஒரு கோடு போட்டு, காலை 6 மணிக்கும் பகல் 2 மணிக்கும் பாருங்கள். நகரவில்லை என்றால் போல்ட்டைக் கழற்றி, துளையைச் சுத்தம் செய்து, நடுவே டெஃப்லான் தகடு வைத்து, கையிறுக்கத்தில் இரட்டை நட் போடுங்கள். தணிப்பு ஷீட் போட்ட கூரையானால் அதையும் சந்தேகப்படலாம். அந்தப் பொருட்களின் தணிப்பு வெப்பத்தைப் பொறுத்தது. அறை வெப்பத்துக்குத் தேர்ந்தெடுத்த ஷீட் கத்திரி வெயிலில் கொதிக்கும் ஃபிளாஞ்சில் வெறும் பசையாகிவிடும். வாங்கும்போது 50, 60 டிகிரியில் அதன் இழப்புக் காரணி (அதிர்வை எவ்வளவு உறிஞ்சும் என்ற எண்) என்ன என்று கேட்டு வாங்குங்கள்.

“வெல்டு பக்கத்துல கோடு தெரியுது”

உடனே இயந்திரத்தை நிறுத்துங்கள். பெயின்டைச் சுரண்டி, டை பெனட்ரன்ட் ஸ்பிரேயைச் சிவப்பு, துடைப்பு, வெள்ளை என்று வரிசையாக அடித்துப் பாருங்கள். வெள்ளையில் சிவப்புக் கோடு ஊறி வந்தால் அது விரிசல். கோட்டின் இரு முனையையும் பென்சிலால் குறித்து, தேதி எழுதி, படம் எடுங்கள். கிரைண்டரால் தேய்த்து மேலே ஒரு வெல்டு ஓட்டிவிட்டால் விரிசல் அடியில் அப்படியே இருக்கும், புது வெல்டின் ஓரத்தில் மறுபடியும் தொடங்கும். பீமுக்கு அடியில் முட்டு கொடுத்து, கீழே ஆள் நடமாட்டத்தைத் தடுத்து, பொறியாளர் வந்து பார்க்கும்வரை மின் இணைப்பில் பூட்டுப் போட்டு வையுங்கள்.